பசிபிக் நெடுஞ்சாலை: 657 கிலோமீட்டருக்கு ஏன் 24 வருஷம்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "விடுமுறையில் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு சிட்னியிலிருந்து பிரிஸ்பேனுக்குக் காரில் போகிறோம். பசிபிக் நெடுஞ்சாலை முழுக்க நாலு வழியாகிவிட்டது என்று ஒரு நண்பர் சொல்கிறார். இன்னும் வேலை நடக்கிறது என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி? ஊரில் நாலைந்து வருஷத்தில் நாலு வழிச்சாலை போட்டுவிடுகிறார்களே, இங்கே ஏன் இருபது வருஷத்துக்கு மேல்? இதனால் விபத்து உண்மையிலேயே குறைந்ததா?"

உங்கள் நண்பர்கள் இருவர் சொன்னதும் சரிதான். நியூகாசில் பக்கம் உள்ள ஹெக்சமிலிருந்து குயின்ஸ்லாந்து எல்லை வரை 657 கிலோமீட்டரும் நடுவில் பிரிக்கப்பட்ட நாலு தடச் சாலையாக 2020 டிசம்பரில் முடிந்துவிட்டது. ஆனால் காஃப்ஸ் ஹார்பரில் அந்த நாலு தடம் ஊரின் நடுவே, சிக்னல்களுக்குள் புகுந்துதான் போகிறது. ஊரைச் சுற்றிப் போகும் பைபாஸ் வேலை அங்கே இன்னும் நடக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தச் சாலைக்கு ஏன் இவ்வளவு பாடுபட்டார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் 24 வருஷக் கணக்கு புரியாது.

1989 அக்டோபர் 20, விடிகாலை. கிராஃப்டனுக்கு வடக்கே கௌப்பர் என்ற சின்ன ஊருக்கு அருகே, அன்னாசிப் பழச்சாறு டின்களை ஏற்றி வந்த லாரி ஒன்று கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் வந்தது. எதிரே பயணிகள் நிறைந்த சொகுசுப் பேருந்து. 21 பேர் இறந்தார்கள். தூங்காமல் ஓட்டுவதற்காக லாரி ஓட்டுநர் எபிட்ரின் எடுத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. டிசம்பர் 22, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு, கெம்ப்சிக்கு வடக்கே கிளைபக்கா என்ற இடத்தில் அதிகாலை மூன்றரை மணி வாக்கில் இரண்டு பேருந்துகள் நேருக்கு நேர் மோதின. ஒன்று சிட்னியிலிருந்து பிரிஸ்பேனுக்கு, மற்றது பிரிஸ்பேனிலிருந்து சிட்னிக்கு. 35 பேர் இறந்தார்கள், 41 பேர் காயமடைந்தார்கள். ஆஸ்திரேலியாவின் சாலை விபத்துகளில் இதைவிட அதிகம் பேர் இறந்தது வேறு எதிலும் இல்லை.

இதை விசாரித்த மாநில மரண விசாரணை அதிகாரி கெவின் வாலர், நியூகாசிலிலிருந்து குயின்ஸ்லாந்து எல்லை வரை இந்தச் சாலையை இரட்டைச் சாலையாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். பேருந்து இருக்கைகள் பிய்ந்து வந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்ததும் அந்த விசாரணையில் பேசப்பட்டது. இன்று இங்கே சொகுசுப் பேருந்தில் ஏறியதும் பெல்ட் போடச் சொல்கிறார்களே, புதிய பேருந்துகளுக்கு அதைக் கட்டாயமாக்கிய 1994 விதிக்குப் பின்னால் இந்த இரண்டு விபத்துகளும் இருக்கின்றன.

பழைய சாலை எப்படி இருந்தது என்பது இப்போது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாது. நான் முதன்முதலில் இதில் இரவில் ஓட்டியபோது பாதி தூரம் ஒற்றைத் தடம்தான்: போக ஒன்று, வர ஒன்று, நடுவில் வெள்ளைக் கோடு. எதிரே வரும் லாரியின் விளக்கு தூரத்தில் ஒரே புள்ளியாகத் தெரியும். அப்புறம் இரண்டாகப் பிரியும். பிறகு கண்ணாடி முழுக்க வெளிச்சம். லாரி கடக்கும் அந்த நொடியில் காற்று காரை ஒரு தள்ளு தள்ளும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருப்போம். அடுத்த நிமிஷம் இன்னொரு லாரி. சிட்னிக்கும் பிரிஸ்பேனுக்கும் இடையே சரக்கு போகும் முக்கியமான வழி இது. இரவு முழுக்க அப்படித்தான். நமக்கும் மரணத்துக்கும் இடையே ஒன்றரை மீட்டரும் ஒரு கோடு பெயின்ட்டும்தான் என்று அன்று தோன்றியதை இன்றும் மறக்கவில்லை.

அதனால்தான் "சாலையை அகலப்படுத்தினார்கள்" என்று யாராவது சொன்னால் நான் உடனே திருத்துவேன். அகலம் பயண நேரத்தைக் குறைக்கும். உயிரைக் காப்பாற்றுவது நடுவில் உள்ள பிரிவு. ஒரே எடையுள்ள இரண்டு வண்டிகள் தலைக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதினால், ஒவ்வொரு வண்டிக்கும் கிடைப்பது அசையாத கருங்கல் சுவரில் 100-ல் போய் மோதிய அடி. காரும் லாரியும் என்றால் காரின் கதி அதைவிட மோசம். இன்றைய நல்ல கார்களிலும் நேர் மோதலில் பிழைக்க ஓரளவு வாய்ப்புள்ள வேகம் 70 வரைதான் என்று சாலைப் பாதுகாப்புத் துறையில் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆக 100-ல் போகிற சாலையில் நேர் மோதலுக்கே இடம் இருக்கக் கூடாது. ஓட்டுநர் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லி விட்டுவிட முடியாது. மனிதன் தூங்கிவிடுவான். தூங்கியவன் போய் எதில் மோதுகிறான் என்பதைத்தான் பொறியாளர் தீர்மானிக்க முடியும்.

இதற்கு நல்ல சாட்சி சுவீடன். 1998-ல் அங்கே யேவ்லே ஊருக்கு அருகே ஈ4 நெடுஞ்சாலையில் ஒரு பரிசோதனை செய்தார்கள். 13 மீட்டர் அகலச் சாலை. அதை அகலப்படுத்தவில்லை. கோடுகளை மாற்றி வரைந்து மூன்று தடமாக்கினார்கள். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. சில கிலோமீட்டருக்கு ஒருமுறை அது மாறும். நடுவில் கம்பிவடத் தடுப்பு ஓடும். மெல்லிய இரும்புக் கால்களை வரிசையாக நட்டு, அவற்றில் முறுக்கிய எஃகுக் கம்பிவடங்களை இழுத்துக் கட்டுவதுதான் அது. கார் வந்து மோதினால் கால்கள் மடங்கிவிடும், வடங்கள் காரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்படி மாற்றிய சாலைகளில் உயிரிழப்பு ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்தது. பசிபிக் நெடுஞ்சாலையிலும் பல இடங்களில் இதே கம்பிவடத்தை நடுப்புல்வெளியில் பார்ப்பீர்கள். அங்கங்கே சில கால்கள் மட்டும் புதிதாகப் பளபளக்கும். அங்கே யாரோ தடம் மாறி வந்து மோதியிருக்கிறார்கள், கால்களை மாற்றியிருக்கிறார்கள். பழைய சாலையில் என்றால் அதே ஆள் எதிரே வந்த குடும்பத்தின் மேல் போய் ஏறியிருப்பார். அந்தப் புதுக் கால்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

ஊரோடு ஒப்பிட்டுக் கேட்டீர்கள். ஊரில் நாலு வழிச்சாலைகளை வேகமாகப் போட்டது உண்மை. சென்டர் மீடியனில் அரளி வைத்து எதிர் விளக்கை மறைப்பது நல்ல ஏற்பாடும்கூட. ஆனால் கிராமத்துக்குக் கிராமம் மீடியனில் இடைவெளி, அதில் திரும்பும் டிராக்டர், சுற்றிப் போகச் சோம்பி எதிர்த்திசையில் வரும் பைக், சாலையை நடந்து கடக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்கள். நேர் மோதல் போய், பக்கவாட்டு மோதல் மிச்சம் இருக்கிறது. இங்கேயும் இந்தச் சிக்கல் அடியோடு தீர்ந்துவிடவில்லை. பசிபிக் நெடுஞ்சாலையில் இரண்டு தரம் உண்டு. மோட்டார்வே தரத்தில் எல்லாச் சந்திப்பும் மேம்பாலம்தான், வேகம் 110. இன்னொரு தரத்தில் சில இடங்களில் பக்கச் சாலைகள் அதே மட்டத்தில் வந்து சேரும், வேகம் பெரும்பாலும் 100. பணத்தைக் கொண்டு முதலில் எல்லா இடத்திலும் நடுப்பிரிவைப் போட்டுவிடலாம், மேம்பாலங்களைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். என் கணக்கில் அது சரியான முடிவு. 100 கிலோமீட்டரை அரண்மனை மாதிரி கட்டிவிட்டு மீதி 500 கிலோமீட்டரில் ஆட்களைச் சாகவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, 24 வருஷம். 1996-ல் மத்திய அரசும் நியூ சவுத் வேல்ஸ் அரசும் சேர்ந்து தொடங்கியபோது அது பத்து வருஷத் திட்டம்தான். மதிப்பீடு 220 கோடி டாலர். முடிந்தபோது ஆன செலவு சுமார் 1,500 கோடி டாலர். 2016-க்குள் முடியும் என்று இடையில் ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள், அது 2020 ஆயிற்று. யார் எவ்வளவு பங்கு தருவது என்ற சண்டையிலேயே சில வருஷம் போயிற்று. பாதிக்குப் பாதி என்றது ஒரு தரப்பு, மத்திய அரசு 80 சதவீதம் தர வேண்டும் என்றது மறுதரப்பு. 2013-ல் ஆட்சி மாறிய பிறகுதான் 80-க்கு 20 என்று முடிவாகிக் கடைசிப் பெரிய பகுதிக்குப் பணம் ஒழுங்காக வந்தது. இந்த இழுபறியை நான் மன்னிக்கத் தயாரில்லை. சாலை தள்ளிப்போன ஒவ்வொரு வருஷமும் அந்த ஒற்றைத் தடத்தில் ஆட்கள் இறந்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் தாமதம் எல்லாமே அரசியல் இல்லை. பெரும்பங்கு மண்ணுக்கு.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஹண்டர், மேனிங், ஹேஸ்டிங்ஸ், மெக்லே, நம்புக்கா, கிளாரன்ஸ், ரிச்மண்ட், ட்வீட் என்று ஆறு மாற்றி ஆறு மலையிலிருந்து இறங்கிக் கடலுக்குப் போகிறது. ஒவ்வொன்றின் கழிமுகத்திலும் ஆயிரக்கணக்கான வருஷமாகப் படிந்த களிமண். மேலே கரும்பு பச்சையாக நிற்கும். கீழே அது மண்ணா சேறா என்று சொல்ல முடியாத அளவுக்கு நீர் நிறைந்திருக்கும். பாலினா பக்கம் அந்தக் களிமண்ணைக் கையில் எடுத்தால் சாம்பல் நிறத்தில் வெண்ணெய் மாதிரி இருக்கும், விரலை அழுத்தினால் உள்ளே போய்விடும். அதன் மேல் சாலைக்கான கரையை எழுப்பினால் கரை அமிழும். ஒரே சீராக அமிழ்ந்தாலாவது பரவாயில்லை. பாலம் பாறையில் ஊன்றி நிற்கும், அதை ஒட்டிய கரை மட்டும் இறங்கிப் போகும். 110-ல் வரும் கார் அந்தப் படியில் தூக்கிப் போடப்படும்.

இதற்குச் செய்யும் வைத்தியம் நம் பாட்டிமார் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடுகிற மாதிரிதான். நீர் வடிய வேண்டும், வடிந்தால்தான் இறுகும். களிமண்ணில் நீர் தானாக வடிய வேண்டுமென்றால் பல பத்து வருஷம் ஆகும். அதனால் பிளாஸ்டிக் திரிகளை மீட்டருக்கு ஒன்று என்கிற மாதிரி நெருக்கமாக, ஆழமாகச் செருகிவிடுகிறார்கள். பழைய வைத்தியர்கள் சீழ்க்கட்டியில் திரி வைத்து வடியவிடுவார்களே, அதே தத்துவம். அப்புறம் சாலைக்குத் தேவையானதைவிட அதிக உயரத்துக்கு மண்ணைக் கொட்டிக் களிமண்ணை அழுத்துவார்கள். நீர் திரி வழியாக மேலே வரும், கரை மெல்ல இறங்கும். கரைக்கு அடியில் ஒரு தகடும் அதிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் வைத்திருப்பார்கள். சர்வேயர் குறிப்பிட்ட நாளில் வந்து கம்பியின் உச்சி மட்டத்தை எடுத்துக்கொண்டு போவார். அந்த எண்கள் மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். இறக்கம் அடங்கிவிட்டது என்று வரைகோடு காட்டிய பிறகுதான் கூடுதல் மண்ணை எடுத்துவிட்டுச் சாலை போடுவார்கள். வழியில் போகிறவர்களுக்கு அது வேலை நின்றுபோன மண்மேடு மாதிரி தெரியும். "ஒரு வருஷமா சும்மாவே கிடக்கு, ஒரு ஆளைக் காணோம்" என்று எல்லாரும் திட்டுவார்கள். உண்மையில் அந்த ஒரு வருஷத்தில்தான் முக்கியமான வேலை நடந்திருக்கும்.

பாலினா பைபாஸில் இன்னொன்றும் செய்தார்கள். களிமண் பரப்பின் மேல் காற்றுப்புகாத விரிப்பைப் போட்டு மூடி, ஓரங்களைச் சேற்றுக்குள் புதைத்து அடைத்து, உள்ளிருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சினார்கள். நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று மண்டலமே எடையாக மாறி மண்ணை அழுத்தும். நன்றாக உறிஞ்சினால் 4 மீட்டர் உயரத்துக்கு மண் கொட்டியதற்குச் சமம். அவ்வளவு மண்ணை அந்தச் சேற்றின் மேல் ஒரேயடியாகக் கொட்டினால் கரை பக்கவாட்டில் வழுக்கிச் சரிந்துவிடும். இதில் அந்தப் பயம் குறைவு. இந்த முறையை அங்கே அளந்து ஆராய்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர், இலங்கையில் பிறந்த பேராசிரியர் புத்திம இந்திரரத்ன. பாலினா பைபாஸ் 2012-ல் திறந்தது.

கெம்ப்சியில் கரையே போடாமல் பாலமாகவே கொண்டுபோனார்கள். 2013-ல் திறந்த மெக்லே ஆற்றுப் பாலம் 3.2 கிலோமீட்டர் நீளம். ஆறு அவ்வளவு அகலமில்லை. வெள்ளம் வந்தால் தண்ணீர் பரவும் நிலம்தான் அவ்வளவு அகலம். மண்கரை போட்டிருந்தால் அதுவே அணையாகி வெள்ளத்தை ஊருக்குள் திருப்பியிருக்கும். எல்லா இடத்திலும் இப்படிப் பாலம் கட்டப் பணம் இல்லை. 2022 பெருவெள்ளத்தில் வுட்பர்ன் பக்கம் புதிய சாலையும் மூழ்கி மூடப்பட்டது. உயர்த்திக் கட்டிய சாலையே தண்ணீரைத் தேக்கியதா என்று வுட்பர்ன், பிராட்வாட்டர் மக்கள் கேட்டார்கள். வீட்டுக் கூரைவரை தண்ணீரைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்வி அது. கணினி மாதிரியில் சில சென்டிமீட்டர்தான் வித்தியாசம் என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்புவது போதாது.

கடைசியாக முடிந்தது வுல்கூல்காவிலிருந்து பாலினா வரை உள்ள 155 கிலோமீட்டர். இதில் புதிய சாலை கிராஃப்டனைத் தொடாமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஹார்வுட்டில் கிளாரன்ஸ் ஆற்றின் மேல் ஒன்றரை கிலோமீட்டர் நீளப் பாலம். பக்கத்திலேயே 1966-ல் கட்டிய பழைய பாலம் நிற்கும். முன்பு கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதியை மேலே தூக்கி வழிவிடுவார்கள், அதுவரை நெடுஞ்சாலையே காத்துக்கிடந்தது. பழைய வழியில் உல்மாரா என்று ஆற்றங்கரை ஊர் ஒன்று உண்டு. அங்கே ஒரு வளைவில் லாரிகள் திரும்ப முடியாமல் வீடுகளுக்குள்ளேயே புகுந்திருக்கின்றன, ஒரு தடவை இல்லை, பல தடவை. அந்த வீடுகளில் இரவில் படுத்தவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். இப்போது அந்தப் பழைய சாலைக்கு பிக் ரிவர் வே என்று பெயர்; பெரிய லாரிகள் புதிய வழியில் போய்விட்டன.

காட்டு விலங்குகளுக்கும் வழி விட்டிருக்கிறார்கள். சாலைக்கு மேலே கயிற்றுப் பாலங்கள், மரத்துக்கு மரம் தாவிப் பறக்கும் கிளைடர் என்ற சிறு விலங்குகளுக்கு உயரமான கம்பங்கள், கோலாக்களுக்குச் சுரங்கவழிகளும் வேலிகளும். அப்பா அம்மாவிடம் அந்தக் கயிறுகளைக் காட்டுங்கள், என்னவென்று தெரியாமல் பலரும் கடந்துபோய்விடுகிறார்கள்.

விபத்து குறைந்ததா? குறைந்தது. திட்டம் தொடங்கும் முன் வருஷத்துக்கு 40 பேருக்கு மேல் இந்தச் சாலையில் இறந்தார்கள். போக்குவரத்து பெருகிக்கொண்டே போயும், வேலை முடிந்தபோது அது பாதியாகிவிட்டது. எல்லை வரையிலான பயணத்திலும் சுமார் இரண்டரை மணி நேரம் மிச்சம். மீதிப் பாதி ஏன் இன்னும் நடக்கிறது என்றால், தூக்கம், வேகம், ஓரத்து மரம், நான் மேலே சொன்ன ஒரே மட்டச் சந்திப்புகள். நேரான சாலையில் தூக்கம் இன்னும் எளிதாக வருகிறது என்பதும் உண்மை.

இனி காஃப்ஸ் ஹார்பர். அங்கே 14 கிலோமீட்டர் பைபாஸ், மூன்று சுரங்கங்களுடன். 2018-ல் செலவைக் குறைக்க, சுரங்கம் வேண்டாம், மலையை வெட்டி வழி விடலாம் என்று திட்டத்தை மாற்றினார்கள். ஊர் மக்கள் விடாமல் எதிர்த்தார்கள். சத்தமும் புகையும் எங்கள் வீட்டுக்கு, மலையில் வெட்டுக்காயம் எங்கள் கண்ணுக்கு என்றார்கள். அடுத்த வருஷமே சுரங்கம் திரும்பி வந்தது. தெற்கு முனையில் ஹெக்சம் நெரிசலைத் தீர்க்க ரேமண்ட் டெரஸ் வரை 15 கிலோமீட்டர் மோட்டார்வே நீட்டிப்பு, ஹண்டர் ஆற்றின் மேல் 2.6 கிலோமீட்டர் பாலத்துடன், 2023-ல் தொடங்கியது. விடுமுறைத் தொடக்கத்தில் இந்த இரண்டு இடத்திலும் வண்டிகள் ஊரும். கிளம்பும் முன் லைவ் டிராஃபிக் செயலியைப் பாருங்கள். வேலை நடக்கும் இடங்களில் வேகம் 80, 60 என்று இறங்கும்; கேமராவும் இருக்கும்.

ஊர்களெல்லாம் பைபாஸில் ஒதுங்கிவிட்டதால் சாலை ஓரத்தில் பெட்ரோல் பங்க் முன்போல அடிக்கடி வராது. கால் டாங்க் ஆவதற்கு முன்பே இறங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இருக்கிறார்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். விடுமுறையில் சில ஓய்விடங்களில் தொண்டர்கள் இலவசமாக டீ, காபி, பிஸ்கட் கொடுப்பார்கள். கூச்சப்படாமல் வாங்கிக் குடியுங்கள், அது உங்களுக்காகத்தான். வுல்கூல்காவில் பைபாஸை விட்டு ஊருக்குள் போனால் வாழைத்தோட்டங்களில் உழைத்துக் குடியேறிய பஞ்சாபி மக்களின் குருத்வாரா வெள்ளைக் கோபுரத்துடன் நிற்கும். அம்மாவுக்குப் பிடிக்கும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நம் ஆட்கள் "நெரிசல் இருக்காது, பிள்ளைகள் தூங்கிவிடும்" என்று ராத்திரி பத்து மணிக்குக் கிளம்புவார்கள். அப்படிக் கிளம்பினால் கெம்ப்சி, கிளைபக்கா வட்டாரத்தில் மூன்று மூன்றரைக்கு இருப்பீர்கள், கண் சொருகும் அதே நேரத்தில். காலையில் வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள், அல்லது காஃப்ஸ் ஹார்பரில் ஒரு இரவு தங்கிவிட்டு மறுநாள் போங்கள்.